இல்லம் மூடப்படும்போது

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நோக்கிப் பயணம் செய்வோர் விக்கிரவாண்டியைக் கடந்தே செல்வர். அவ்வட்டத்தைச் சேர்ந்த குண்டலப்புலியூர் என்னும் சிற்றூரின் பெயர் 2023-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நாடெங்கும் அறியலாயிற்று. அங்கு நடைபெற்ற அன்பு ஜோதி ஆசிரமத்தில் அதிகாரிகள் சோதனை நடத்தினர். ஆதரவற்றோர், முதியோர், மனநோயுற்றோர் என 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். உரிய உரிமம் இன்றி இல்லம் நடைபெற்றது தெரியவந்தது. நடத்தியோர் கைதாயினர், வழக்கு சி.பி.சி.ஐ.டி. காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. நாம் இங்கு எண்ணிப் பார்க்க விரும்புவது வேறொன்று: மூடப்பட்ட இல்லத்தில் இருந்தவர்களின் கதி என்ன?

அவர்களுள் பலர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பின்னர் பிற இல்லங்களில் சேர்க்கப்பட்டனர். தம் பெயரையும் ஊரையும் தெளிவாகக் கூற இயலாத ஒருவரைப் புதிய இடத்தில் எவ்வாறு அறிவது? அவர் நாள்தோறும் உண்ணும் மாத்திரை எது? அவரைத் தேடி வரும் உறவினருக்கு எங்கே என்று வழிகாட்டுவது? முறையான பதிவேடு ஒன்றே இவற்றிற்கெல்லாம் விடை தரும்.

இவ்விவகாரம் வெளிவந்ததே அத்தகைய ஒரு தேடலால்தான். அங்குச் சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காண உறவினர் முயன்றபோது, அவர் பெங்களூரிலுள்ள வேறோர் இல்லத்திற்கு அனுப்பப்பட்டதாகக் கூறப்பட்டது. அங்கும் அவர் காணப்படவில்லை. உறவினர் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யவேண்டியதாயிற்று. பொருளை இடம் மாற்றினாலும் ரசீது கேட்கிறோம். மனிதரை மாற்றும்போது கேட்க வேண்டாமா?

தமிழகம் இதற்கு முன்னரும் ஒரு பாடம் கற்றது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியதில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் உள்ளிட்ட 28 பேர் மாண்டனர். அதே மாதத்தில் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்பில் வைக்கப்பட்டனர். தீய இல்லத்தை மூடுதல் நன்றே. ஆயினும் கதவைப் பூட்டுவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை.

சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன்படி, ஓர் இல்லத்தின் பதிவு நீக்கப்பட்டால், அங்குள்ளவரைப் பெற்றோர், வாழ்க்கைத் துணை அல்லது சட்டப்படியான பாதுகாவலரிடம் சேர்க்கவோ, வேறோர் இல்லத்திற்கு மாற்றவோ உரிய அதிகாரி ஆணையிடலாம். மனநோயுற்றோரை வைத்துப் பராமரிக்கும் நிலையங்கள் பதிவு பெறவேண்டும் என்பது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் கட்டளை. ஆனால் பதிவே பெறாத இல்லத்தில் யார் யார் உள்ளனர் என்பதை அரசு எங்ஙனம் அறியும்?

ஆகவே குடும்பத்தார் செய்யத்தக்கவை சில உண்டு. ஒருவரைச் சேர்க்குமுன் இல்லத்தின் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். அவருடைய புகைப்படம், மருந்துச் சீட்டு, உறவினர் முகவரி ஆகியவற்றின் நகலை இல்லத்தில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வையுங்கள். முன்னறிவிப்பின்றிச் சென்று பாருங்கள். இடமாற்றம் என்றால், எங்கே, எந்நாளில், யார் பொறுப்பில் என எழுத்தில் பெறுங்கள். மாற்றப்படுபவரிடமும் அவருக்கு விளங்கும் சொற்களில் எடுத்துரைத்து, அவர் விருப்பத்தைக் கேளுங்கள். ஐயம் எழுந்தால் மாவட்ட ஆட்சியருக்கு மனு அளியுங்கள். முதியோருக்கான 14567 என்னும் இலவசத் தொலைபேசி உதவியும் உண்டு.

உறவினரே இல்லாதவருக்கு யார் உளர்? அருகிலுள்ள பங்கு மக்களாகிய நாமே. வின்சென்ட் தே பவுல் சபையார் போன்றோர் திங்கள்தோறும் ஒருமுறை இல்லங்களுக்குச் சென்று, அங்கிருப்போரைப் பெயர் சொல்லி அழைத்துப் பழகுவார்களாக. விழாநாளில் உணவுப் பொட்டலம் வழங்கித் திரும்புவதினும் அது மேலான தொண்டு. பெயரறிந்த ஒருவர் காணாமற் போனால், கேட்பதற்கு ஒரு குரலாவது எழும்.