மூச்சிரைப்புக்கு மார்க் போட முடியுமா?

முடியும். வயதானவரின் இதய வால்வில் சுண்ணாம்பு படிந்தால், வழி எவ்வளவு குறுகியிருக்கிறது என்று எக்கோ பரிசோதனை சொல்லிவிடும். ஆனால் உப்படைத்த குழாயைப் பிளம்பர் பார்ப்பது வேறு. குடம் நிரம்பக் காத்து நிற்பவர் படும் பாடு வேறு இல்லையா?

இதயச் செயலிழப்புக்காக 2000-இல் வெளியான ‘கன்சாஸ் சிட்டி’ கேள்வித்தாள் அந்தப் பாட்டைத்தான் அளக்கிறது. மொத்தம் 23 கேள்விகள். கடந்த 2 வாரத்தில் குளிக்கச் சிரமமா? காலையில் பாதம் வீங்கியிருந்ததா? உட்கார்ந்தே தூங்கினீர்களா? பதில்கள் 0 முதல் 100 வரையிலான மதிப்பெண்ணாகும். 100 என்றால் சிரமமே இல்லை.

“மூச்சு வாங்கலை தம்பி” என்பார் பெரியவர். மாடி ஏறுவதையே விட்டிருப்பார்! ‘அதைச் செய்யவில்லை’ என்றொரு விடையும் தாளில் உண்டு.

வால்வு நோயாளிகளிடமும் இதே தாள்தான்; வால்வு மாற்றியபின் அதை மறுபடி நீட்டுகிறார்கள். 5 புள்ளி ஏறினால் சிறு முன்னேற்றம். 20 ஏறினால் பெரிது.