மதுவம் கற்ற புதுப்பாடம்

அப்ப மாவிற்குக் கள்ளுவிட்டுப் புளிக்க வைக்கும் வழக்கத்தை நம் இல்லங்களில் அறியாதார் சிலரே. இரவிற் கரைத்து வைத்த மா விடியலிற் பொங்கி நிற்கும். அதனைப் பொங்கச் செய்வது கள்ளிலுள்ள மதுவம் என்னும் நுண்ணுயிர். சீனிச்சத்தை உண்டு, அற்ககோலையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் வெளிவிடுதல் அதன் இயல்பு. அந்த மதுவத்தை, அற்ககோலுக்குப் பதிலாக அமிலம் ஆக்கும்படி பழக்கலாகுமா? ஆகும் என்கின்றனர் அறிஞர்.

நுண்ணுயிர்களைக் கொண்டு அமிலம் ஆக்குவது புதிதன்று. தேசிக்காயின் புளிப்புக்குக் காரணமான சித்திரிக்கமிலத்தைக் கரும்பூஞ்சணமொன்றின் துணையாற் சீனியிலிருந்து பெருமளவிற் பெறலாம் என்பதை 1917 இல் ஜேம்ஸ் கரி என்பார் காட்டினார். தயிரிலுள்ள இலற்றிக்கமிலத்தைப் பற்றீரியாக்கள் ஆக்குகின்றன. ஆயினும் பற்றீரியாக்களிடம் ஒரு குறையுண்டு. தாம் ஆக்கிய புளிப்பு மிகுந்தால் அவை தாமே சோர்ந்துவிடும். ஆகவே தொழிற்சாலைகளிற் சுண்ணாம்பு சேர்த்துப் புளிப்பைத் தணிப்பர். பின்னர் அமிலத்தைப் பிரித்தெடுக்கக் கந்தக அமிலம் வேண்டும். முடிவில், பெற்ற அமிலத்தின் நிறைக்கு ஏறத்தாழ ஒத்த அளவு ஜிப்சம் கழிவாகக் குவியும்.

மதுவமோ மிகுந்த புளிப்பிலும் வாழ வல்லது. எனவே அறிஞர் அதன் பரம்பரையலகுகளை மாற்றினர். அற்ககோலுக்குச் செல்லும் வழியை அடைத்து, அமிலத்துக்குச் செல்லும் வழியைத் திறந்தனர். இவ்வாறு பெறப்படுவனவற்றுள் ஒன்று சக்சினிக்கமிலம். மண்ணிற் புதையுண்டு இறுகிய மரப்பிசினாகிய அம்பரைச் சூடாக்கி முன்னாளில் இதனைப் பெற்றனர்; பிற்காலத்திற் பெற்றோலியப் பொருள்களிலிருந்து ஆக்கினர். மட்கிப்போகும் பிளாத்திக்கு வகைகளைச் செய்ய இது உதவும். மற்றுமொரு வியப்பு: அற்ககோலை ஆக்கும்போது காபனீரொட்சைட்டை வெளிவிடும் மதுவம், இவ்வமிலத்தை ஆக்கும் வழியில் அவ்வாயுவை உள்ளே எடுத்துக்கொள்கிறது!

இத்துணைச் சிறப்பிருந்தும் வெற்றி எளிதிற் கிட்டியதா? கனடாவின் சார்னியா நகரில் 2015 இல் பயோஅம்பர் என்னும் நிறுவனம், ஆண்டுக்கு 30,000 தொன் சக்சினிக்கமிலம் ஆக்கவல்ல மதுவ ஆலையைத் திறந்தது. ஆனால் 2014 இன் நடுப்பகுதியிற் பீப்பாய் 100 டொலருக்கு மேல் விற்ற மசகெண்ணெய், 2015 இன் தொடக்கத்தில் 50 டொலருக்குக் கீழே இறங்கியிருந்தது. எண்ணெயிலிருந்து ஆக்கும் அமிலம் மலிந்தது. சோளத்திலிருந்து பெற்ற சீனியை நம்பிய ஆலையால் அதனோடு போட்டியிடல் அரிதாயிற்று. 2018 இல் அந்நிறுவனம் கடன்சுமையால் நொடித்தது. ஆலை பிறர் கைக்கு மாறிற்று.

மாணவர்கள் இங்கே ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். ஆலை நொடித்தமைக்கு மதுவம் தன் தொழிலிற் தவறியது காரணமன்று. எண்ணெயின் விலையில், அது விட்டுச்செல்லும் புகையின் விலை சேர்க்கப்படுவதில்லை. அதனையும் சேர்த்துக் கணக்கிடின் எது மலிவு, எது அரிது என்பது மாறிவிடக்கூடும். மலிவான மூலப்பொருளைத் தேடுவது இரசாயனம் கற்போர் கடன். நேர்மையான கணக்கைக் கேட்பது நம் எல்லோருடைய கடன்.