மலையும் ஏறலாம், கடலும் பார்க்கலாம்: கன்னியாகுமரியில் ஒரு நாள்



குழுவில் சுற்றுலாப் பேச்சு எடுத்தாலே பலரும் முதலில் சொல்வது கன்னியாகுமரிதான். போகிறோம், வரிசையில் நின்று படகு ஏறுகிறோம், பாசிமணியும் சங்கும் வாங்குகிறோம், திரும்பி வேன் ஏறிவிடுகிறோம். "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா வரிசையில நின்னதுதான் மிச்சம்" என்று உறுப்பினர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஊருக்குப் பக்கத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியும் இருக்கிறது தெரியுமா? கொஞ்சம் திட்டமிட்டால் காலையில் மலை, மாலையில் கடல் என்று ஒரே நாளில் இரண்டையும் அனுபவிக்கலாம்.

முதலில் மலைக்குப் போவோம். வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும், அதனால் விடிந்ததும் ஏறத் தொடங்குவது நல்லது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் பொற்றையடி என்ற ஊர் வரும். அங்கேதான் மருந்துவாழ் மலை. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது அதில் ஒரு துண்டு இங்கே விழுந்தது என்பது ஊரார் சொல்லும் கதை. மூலிகைகள் நிறைய இருப்பதால் அந்தப் பெயர். கேரளத்தின் நாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகையும் இந்த மலையில்தான் இருக்கிறது.

தொடக்கத்தில் படி இருக்கும். மேலே போகப் போகப் பாறைப் பாதைதான். புடவையைவிட சுடிதார் வசதி. வழுக்காத செருப்பு போடுங்கள். குரங்குகள் உண்டு, தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் பிடுங்கிக்கொண்டு போய்விடும். மேலே கழிப்பறையை நம்பிப் போகாதீர்கள், கீழேயே போய்விட்டு வாருங்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஏறுவதுதான் நம் பெண்களின் பழக்கம், தலைசுற்றல் வருவதும் அதனால்தான். இளம் பிள்ளைகள் ஓடி ஓடி ஏறுவார்கள், ஏறட்டும். ஆனால் மூட்டுவலி உள்ள அக்கா எந்த வேகத்தில் நடக்கிறாரோ அவரோடு இரண்டு பேராவது கூட நடக்க வேண்டும். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாலும் நஷ்டம் இல்லை, அங்கிருந்தே நல்ல காற்றும் காட்சியும் கிடைக்கும். உச்சிக்குப் போனால் தென்னந்தோப்பு, வயல், குளம், தூரத்தில் காற்றாலை, அதற்கப்பால் கடல் என்று எல்லாம் கண்ணுக்குள் வந்துவிடும்.

இறங்கி வந்து சாப்பிட்டு, இளைப்பாறிய பிறகு வட்டக்கோட்டைக்குப் போகலாம். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில், டச்சுப் படையில் இருந்த டி லனாய் என்பவர் மேற்பார்வையில் பலப்படுத்திய கோட்டை இது. 1741ல் குளச்சல் போரில் சிறைப்பட்டவர் டி லனாய். பிறகு அதே மன்னரின் படைக்கே பயிற்சி கொடுத்தார்! கோட்டைச் சுவர் மேல் நடந்தால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மலை. கன்னியாகுமரியின் கூட்டம் இங்கே இருக்காது. என்னைக் கேட்டால் கடைத்தெருவில் செலவாகும் நேரத்தில் பாதியை இங்கே செலவிடலாம் என்பேன்.

படகைப் பற்றி உங்களுக்கே தெரியும். 1970ல் திறந்த விவேகானந்தர் பாறை, 2000 ஜனவரி 1ல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலை. புதிதாக வந்திருப்பது இரண்டுக்கும் நடுவே உள்ள 77 மீட்டர் கண்ணாடிப் பாலம். 2024 டிசம்பர் 30ல் திறந்தார்கள். காலுக்குக் கீழே அலை அடிப்பது தெரியும். பயமாக இருந்தால் கீழே பார்க்காமல் நேரே பார்த்து நடங்கள். கடல் சீற்றமாக இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், அன்றைக்கு ஊழியர்களிடம் சண்டை பிடிக்க வேண்டாம்.

இனி சொல்வதைத் தயவுசெய்து குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். 2024 மே 6ஆம் தேதி, இதே மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில், பயிற்சி மருத்துவம் படித்த இளைஞர்களும் இளம்பெண்களுமாக 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். அன்று கடற்கரைக்குப் போக வேண்டாம் என்று முன்னெச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். புயல் இல்லாமலேயே கடல் பொங்குவதை மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். திருடன் மாதிரி சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் பலத்த காற்று வீசி எழுப்பிய அலைகள், சில நாள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே வானம் வெளுத்திருக்கும், காற்றும் இருக்காது. "கடல் அமைதியாத்தானே இருக்கு" என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது.

அதனால் புறப்படும் முன் செய்தியில் கடல் எச்சரிக்கை பாருங்கள். போய் இறங்கியதும் அங்குள்ள மீனவர்களிடமோ காவலர்களிடமோ கேளுங்கள். இறங்காதே என்றால் இறங்க வேண்டாம். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுக்காதீர்கள். பாசி பிடித்த பாறையில் ஏறாதீர்கள். புடவை நனைந்தால் கனத்து இழுக்கும், கணுக்கால் அளவுக்கு மேல் போகாதீர்கள். யாரையாவது அலை இழுத்துவிட்டால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. கத்தி ஆட்களைக் கூப்பிடுங்கள், கயிறு, காலி பிளாஸ்டிக் கேன், கிடைத்ததை வீசுங்கள், 112க்கு போன் செய்யுங்கள்.

போகும் நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சித்ரா பௌர்ணமி மாலையில் மேற்கே சூரியன் மறைய, கிழக்கே நிலா எழும். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். அன்று தங்க நினைப்பவர்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே அறைக்குச் சொல்லி வைக்க வேண்டும். செலவுக்குக் குழுக் கடன் எடுக்காதீர்கள். இப்போதிருந்தே கூட்டத்துக்குக் கூட்டம் சுற்றுலாவுக்கென்று தனியாக ஒரு சிறு தொகை போட்டு, தனி நோட்டில் எழுதி வாருங்கள்.