மூடி பெயர்த்தல் தகுமா?

சித்திரை, வைகாசி ஆகிய இரு திங்களையும் இளவேனில் என வகுத்தனர் நம் உரையாசிரியர்கள். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் சென்னையில் வாழ்வோர்க்கு அப்பெயர் சற்றே நகைப்பைத் தரும். அத்தகைய வைகாசி ஒன்றில், மயிலாப்பூரில் மொட்டைமாடி அறையில் தங்கிப் பயிலும் நம் மாணவர் ஒருவர், "ஐயா, என் கணிப்பொறிச் செயலியின் மூடியைப் பெயர்த்துவிடலாமா?" என்று வினவினார். வேலைப்பளு மிகுந்தால் செயலியின் வெப்பம் 100 டிகிரியைத் தொட்டு, வேகம் தானே குறைந்துவிடுகிறதாம். திருமண ஒளிப்படக்காட்சிகளைத் தொகுத்துப் பெறும் சிறுவருவாயே அவர்தம் கல்விக்குத் துணை. தமிழாசிரியரிடம் கேட்கும் வினாவா இது என்று முதலில் எண்ணினோம். ஆயினும் அறிந்தோரை உசாவித் தெளிந்தவற்றை ஈண்டுத் தருகின்றோம்.

செயலியினுள் வெப்பத்தை உமிழ்வது விரல்நகம் அளவேயான சிலிக்கான் சில்லு. அதன்மேல் நிக்கல் பூசிய செப்புத்தகடு மூடியாய் அமைகிறது. மூடியின்மேல் விசிறியுடன் கூடிய குளிர்விப்பான் அமர்கிறது. சில்லுக்கும் மூடிக்கும் இடையே இருப்பது யாது என்பதில்தான் முழுவினாவும் அடங்கியுள்ளது. 2011-இல் வந்த இன்டெல் சாண்டி பிரிட்ஜ் செயலிகளில் அவ்விடத்தில் உலோகப் பற்றாசு இருந்தது. 2012-இல் ஐவி பிரிட்ஜ் வந்தபோது பற்றாசு போய்ப் பசை வந்தது. மூடியை ஒட்டிய கோந்தும் அதனைச் சற்றே உயர்த்தி நிறுத்தியமையால் பசையின் தடிப்பு மிகுந்தது, வெப்பம் தேங்கிற்று. எனவே ஆர்வலர் சவரத்தகடு கொண்டு மூடியைப் பெயர்த்து, பசையைத் துடைத்து, காலியம் கலந்த திரவ உலோகத்தைத் தடவினர். 2017-இல் வெளிவந்த ஐ7-8700கே போன்றவற்றில் 10 முதல் 20 டிகிரி வரை வெப்பம் குறைந்தது. இஃது உண்மையான ஆதாயமே, மறுப்பதற்கில்லை.

ஆனால் தகடு ஓர் இழை வழுக்கினால் அடிப்பலகையின் நுண்கம்பிகள் அறுபடும். திரவ உலோகம் மின்கடத்தி. ஒருதுளி சிதறினும் கேடு. அலுமினியத்தையோ அது அரித்தே விடும். உத்தரவாதமும் அன்றோடு முடியும்.

2018-இல் ஐ9-9900கே வந்தபோது இன்டெல் பற்றாசுக்கே திரும்பிற்று. அவ்வகையில் மூடியைப் பெயர்ப்பதால் குறைவது சில டிகிரியே; வலிந்து இழுத்தால் சில்லே பிளவுறவும் கூடும். 2022-இல் வந்த ஏஎம்டி ரைசன் 7000 வரிசை இதற்கொரு விதிவிலக்கு. அதன் மூடி மிகத் தடித்தது. அதை நீக்கிச் சில்லின்மேல் நேரே குளிர்வித்தோர் 20 டிகிரியளவு குறைந்ததைக் கண்டனர். எனினும் அச்செயலிகள் 95 டிகிரியில் இயங்கவென்றே வகுக்கப்பட்டவை. வேகத்தில் கிட்டும் ஊதியம் சிறிதே.

நம் மாணவருடையது 2017-ஆம் ஆண்டுப் பசைவகை. பெயர்த்தால் பயனுண்டு, பழுதானால் மறுசெயலி வாங்கப் பொருளில்லை. முதலில் பெட்டியைத் திறந்து பாரும் என்றோம். தியாகராய நகரில் இருந்த பழைய அறையின் புழுதியெல்லாம் விசிறியில் படலமாய்ப் படிந்திருந்தது. மூடிமேல் தடவிய பசை காய்ந்து பொடியாகியிருந்தது. அறைக்காற்றினும் குளிர்ச்சியை எவ்விசிறியும் தாராது என்பதால், கட்டிலடியில் இருந்த பெட்டியைச் சாளரத்தருகே மாற்றினோம். புதுப்பசையின் விலை சில நூறு ரூபாயே. வெப்பம் எண்பதுகளில் நின்றது.

அவர்க்கோ ஆவல் தணியவில்லை. ரிச்சி தெருவில் பழுதான செயலி ஒன்றை வாங்கி மூடியைப் பெயர்த்துப் பார்த்தார். முதல் முயற்சியிலேயே பலகையின் ஓரம் கீறிற்று. அச்செயலி இப்போது நம் மேசையில் தாள்கள் பறவாதிருக்கப் பயன்படுகிறது.