கடைக்குச் செல்லுமுன் கலயத்தைப் பாருங்கள்

ரமலான் முடிந்து ஷவ்வாலும் பாதி கடந்த பின்னர் நம் இல்லங்களின் அடுக்களையைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் ஒரே காட்சிதான் தென்படும். நோன்புக் கஞ்சிக்கென்று வாங்கிய நொய்யரிசியில் கால் பை மீந்திருக்கும். பாசிப்பருப்பும் வெந்தயமும் தேவைக்கு மேல் இருக்கும். கடற்பாசிப் பொட்டலங்கள் இரண்டு, பெருநாளுக்கு வாங்கிய சேமியா மூன்று, உம்ரா சென்று வந்த உறவினர் அன்புடன் அளித்த பேரீச்சம்பழம் ஒரு பெட்டி, பாதி தீர்ந்த சர்பத் புட்டி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக ஒளிந்து நிற்கும். பள்ளிவாசலிலிருந்து தூக்குச்சட்டியில் கஞ்சி வந்துவிடுகின்ற ஊர்களில் இந்த மீதம் இன்னும் அதிகம். அதே வேளையில் குடும்பத் தலைவரின் சட்டைப் பையில் புதிய மாதத்து மளிகைச் சிட்டை இருக்கும். அதன் முதல் வரியே பாசிப்பருப்பு ஒரு கிலோ என்றிருக்கும்!

இது அற்பமான செய்தியன்று. பெருநாள் துணிமணி, ஃபித்ரா, விருந்து, பயணம் என்று கை முழுவதும் கரைந்துபோகும் மாதம் ஷவ்வால். அந்த மாதத்துச் சாமான்களைக் கடனுக்கு எழுதி வாங்குகின்ற வீடுகள் நம்மிடையே பல. எம்பெருமானார் (ஸல்) அவர்கள் தம் தொழுகையில் கடன் சுமையை விட்டும் இறைவனிடம் பாதுகாப்புத் தேடி வந்தார்கள். அதன் காரணத்தை ஒருவர் வினவியபோது, கடன்பட்டவன் பேசினால் பொய்யுரைக்கவும் வாக்களித்தால் மீறவும் நேர்ந்துவிடுகின்றது என்ற கருத்தில் விடையளித்தார்கள். இது புகாரியில் பதிவான செய்தி. வீட்டில் இருக்கும் பொருளை இல்லையென்று எண்ணிக் கடனுக்கு வாங்கி, பின்னர் கடைக்காரர் முகத்தைத் தவிர்த்து வேறு தெருவால் நடப்பது எத்துணைப் பரிதாபம்!

உணவைச் சேமித்து வைப்பது தவறன்று. சிலர் இதனைத் தவக்குலுக்கு, அதாவது இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும் பண்புக்கு, மாறானது என்று கருதுவர். அது சரியன்று. பனூ நளீர் தோட்டத்து விளைச்சலிலிருந்து தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்குரிய உணவை நபிகளார் (ஸல்) அவர்கள் ஒதுக்கி வைத்தார்கள் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். தேவையுடையோர் வந்தபோதெல்லாம் அந்த ஒதுக்கீட்டிலிருந்தே எடுத்து வழங்கியதால், ஆண்டு முடியுமுன்னரே அது தீர்ந்துபோகும் என்று இமாம்கள் விளக்குகின்றனர். விலையேற்றத்தை எதிர்பார்த்து வணிகன் தானியத்தைப் பதுக்குவதே பாவம். இல்லத்துப் பானையில் அரிசி இருப்பது பதுக்கலாகாது.

ஆனால் சேமிப்புக்கு இரண்டு பகுதிகள் உண்டு என்பதைத் திருமறையின் யூசுஃப் அத்தியாயம் தெளிவாகக் காட்டுகின்றது. மிஸ்ரு மன்னர் கண்ட கனவுக்கு நபி யூசுஃப் (அலை) அவர்கள் விளக்கமளிக்கையில், ஏழாண்டுகள் பயிரிட்டு, உண்பதற்குரிய சிறு பகுதி நீங்கலாக ஏனையவற்றைக் கதிரிலேயே விட்டு வைக்குமாறு கூறினார்கள். அடுத்து வரும் ஏழு கடின ஆண்டுகள் அந்தச் சேமிப்பை உண்டு தீர்க்கும் என்றும் கூறினார்கள் (12:47, 48). கதிரோடு வைத்தால் தானியம் எளிதில் பழுதுபடாது என்ற நுட்பமும் அதில் அடங்கியுள்ளது. சேமிக்கும் ஏழும் உண்ணும் ஏழும் சேர்ந்தே அந்தத் திட்டம் நிறைவெய்தியது. நாமோ முதல் ஏழை மட்டும் ஆண்டுதோறும் செய்துகொண்டிருக்கின்றோம். பரணில் ஏற்றியதை இறக்குவதற்கு நம் வீடுகளில் நாள் குறிப்பதில்லை.

வீண் விரயம் என்றவுடன் திருமண விருந்தில் குப்பைக்குச் செல்லும் பிரியாணியே நம் நினைவுக்கு வருகின்றது. அதனைக் கண்டித்து ஜும்ஆ மேடைகளில் எவ்வளவோ பேசியாயிற்று. ஓசையின்றி நிகழும் விரயம் வீட்டுக்குள் இருக்கின்றது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு ஏறக்குறைய 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. உணவகங்களிலும் கடைகளிலும் வீணானது எஞ்சிய பகுதியே. உண்ணுங்கள், பருகுங்கள், ஆயினும் வரம்பு மீறாதீர்கள் என்ற கருத்தமைந்த திருவசனம் (7:31) நம் ஒவ்வொருவர் அடுக்களைக்கும் முகவரியிட்டே வந்துள்ளது. வண்டு துளைத்துக் கொட்டப்படும் ஒரு படி பருப்புக்கும், இலையில் மீந்து எறியப்படும் ஒரு கவளச் சோற்றுக்கும் இந்த வசனத்தின்முன் வேறுபாடு இல்லை.

இருப்பதைக் கொண்டு உண்பதில் நம்மவர்களுக்கு ஒரு கூச்சம் இருக்கின்றது. அதுவே பெரிய தடை. இறைச்சியோ மீனோ இல்லாத நாளில் ஒரு பருப்பாணம் வைத்து முடிப்பதை வறுமையின் அடையாளமாகக் கருதுகின்றோம். விருந்தினர் வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். ஒரு நாள் நபிகளார் (ஸல்) அவர்கள் ஜாபிர் (ரலி) அவர்களைக் கைப்பிடித்துத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார்கள். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஏதேனும் உண்டா என்று வீட்டாரிடம் கேட்டார்கள். சிறிது காடி தவிர வேறொன்றும் இல்லை என்று விடை வந்தது. காடி என்பது புளித்த வினிகர்தான். கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பாமல், அதனையே கொண்டுவரச் சொல்லி, காடி எவ்வளவு நல்ல தொடுகறி என்று புகழ்ந்துகொண்டே உண்டார்கள். அன்று முதல் தமக்குக் காடியின்மீது பிரியம் உண்டாகிவிட்டது என்று ஜாபிர் (ரலி) அவர்கள் கூறுவதை முஸ்லிம் நூலில் காண்கின்றோம். வீட்டுத் தலைவர் இருப்பதைப் புகழ்ந்து உண்டால் விருந்தினருக்கும் அது இனிக்கின்றது. வீட்டுப் பெண்களின் மனமும் குளிர்கின்றது. முகத்தைச் சுளித்துவிட்டுச் சிக்கனம் பேசுகின்ற ஆண்கள் இந்த ஹதீஸைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்பார்களாக.

சிட்டை எழுதுமுன் ஒரு நாள் ஒதுக்கி, டப்பாக்கள் அனைத்தையும் கீழே இறக்கிப் பார்ப்பதே முதல் வேலை. பழையது முன்னாலும் புதியது பின்னாலும் நிற்குமாறு அடுக்க வேண்டும். என்ன இருக்கின்றது என்று தெரிந்த பிறகே என்ன சமைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். நாம் தலைகீழாகச் செய்கின்றோம். ஷவ்வால் மாதத்தில் ஆறு நோன்புகள் நோற்பது ஸுன்னத்தாயிற்றே! மீந்த நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் அந்த ஆறு நாள் கஞ்சிக்கே போதுமானவை. கடற்பாசியும் பேரீச்சம்பழமும் சர்பத்தும் அதே ஆறு மாலைகளில் தீர்ந்துவிடும். அடிப்பானையில் கிடக்கும் பலவகைப் பருப்புகளை ஒன்றாக ஊறவைத்து அரைத்தால் அடையாகும். சேமியாவைப் பாயசமாகவே காய்ச்ச வேண்டும் என்று சட்டமில்லை. காலை உப்புமாவுக்கும் அது உதவும். இவற்றையெல்லாம் நம் தாய்மார்களுக்கு நான் கற்பிக்க வேண்டியதில்லை. ஆண்களுக்கே சொல்ல வேண்டியிருக்கின்றது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற அறிவிப்பைக் கண்டு, வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் மூட்டை கட்டிக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் அவர்களே.

இவ்விடத்தில் ஒரு மார்க்க ஐயம் எழும். ஹதீஸ் பாடத்தில் மாணவர்களும் இதனைத் தவறாமல் கேட்பர். உணவுப் பொருள்களை அளந்துகொள்ளுங்கள், உங்களுக்கு அதில் பரக்கத் உண்டாகும் என்ற கருத்தில் மிக்தாம் (ரலி) அவர்கள் வழியாக ஒரு நபிமொழி புகாரியில் வந்துள்ளது. அதே நூலில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் செய்தியும் உள்ளது. நபிகளார் (ஸல்) அவர்கள் மறைந்தபோது தம் இல்லத்துப் பரணில் சிறிதளவு வாற்கோதுமையைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை என்றும், அதிலிருந்து நெடுநாள் உண்டு வந்ததாகவும், ஒரு நாள் அளந்து பார்த்ததும் அது தீர்ந்துபோயிற்று என்றும் அன்னையவர்கள் கூறுகின்றார்கள். ஓரிடத்தில் அளந்தால் பரக்கத். மற்றோரிடத்தில் அளந்ததால் பரக்கத் நீங்கியது. அங்ஙனமாயின் நாம் டப்பாக்களை இறக்கிக் கணக்குப் பார்க்கலாமா?

ஃபத்ஹுல் பாரி ஆசிரியர் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் இதற்கு விடை தந்துள்ளனர். அளக்கச் சொல்லப்பட்டது பொருளை வாங்கும் வேளையில். ஏனெனில் அங்கே பிறருடைய உரிமை கலந்திருக்கின்றது. இறைவன் அருளால் நீண்டுகொண்டிருக்கும் ஒன்றை, இன்னும் எவ்வளவு எஞ்சியுள்ளதோ என்ற கவலையுடன் சோதித்துப் பார்ப்பது வேறு. ஆகவே தேவைக்கு எவ்வளவு வாங்குவது என்று அறிவதற்காக இருப்பைப் பார்ப்பது, வாங்குதலைச் சார்ந்த அளவே என்பது என் கருத்து. அண்டை வீட்டுப் பிள்ளை ஒரு குவளை அரிசி கேட்டு வந்து நிற்கையில் பானைக்குள் எட்டிப் பார்த்து விரலால் அளப்பதே அஞ்சத்தக்க அளவு. முதலாவதைச் செய்ய வெட்கப்பட்டு, இரண்டாவதைத் தயங்காமல் செய்கின்றோம்.

டப்பாவைத் திறந்ததும் வண்டையோ புழுவையோ கண்டால் முழுவதையும் கொட்டிவிடும் பழக்கம் பெருகி வருகின்றது. நபிகளாரிடம் (ஸல்) பழைய பேரீச்சம்பழம் கொண்டுவரப்பட்டபோது, அதனைத் தம் கரத்தாலேயே ஆராய்ந்து புழுக்களை நீக்கினார்கள் என அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் வந்துள்ளது. எறிந்துவிடுமாறு கூறவில்லை. நெய்யில் எலி விழுந்து இறந்தது பற்றி வினவப்பட்டபோதும், எலியையும் அதனைச் சுற்றியுள்ள பகுதியையும் அகற்றிவிட்டு எஞ்சியதை உண்ணலாம் என்றே விடையளித்தார்கள். இது உறைந்த நெய்க்கு உரிய சட்டம். உருகிய நெய்யாயின் சட்டம் வேறு என்று ஃபிக்ஹு நூல்கள் பிரித்துரைக்கின்றன. அரிசியை முறத்தில் புடைத்து, நிழலில் உலர்த்தி, காய்ந்த மிளகாயோ வேப்பிலையோ இட்டு வைப்பதும், துவரம்பருப்பில் விளக்கெண்ணெய் தடவி வைப்பதும் நம் பாட்டிமார் அறிந்த முறைகள்.

எல்லையும் உண்டு. அம்பெய்து வேட்டையாடிய பிராணியை மூன்று நாள் கழித்துக் கண்டெடுத்தால், துர்நாற்றம் எடுக்காதவரை உண்ணலாம் என்று நபிகளார் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். கெட்டுப்போனதை உண்டு நோயை வரவழைப்பது சிக்கனமாகாது. குறிப்பாக, பூசணம் பூத்த நிலக்கடலையையும் சோளத்தையும் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். அவற்றில் உண்டாகும் அஃப்லடாக்சின் என்னும் நஞ்சு, வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றாக நீங்குவதில்லை. மாவு கசந்தாலும் எண்ணெய் சிக்கு நாறினாலும் அவ்வாறே.

பரணை ஒழிக்கும் நாளில் ஷைத்தான் வேறொரு வாயில் வழியாக நுழைகின்றான். வண்டு விழுந்த அரிசியையும் சாயம் போன பருப்பையும் பொட்டலம் கட்டி, வாசலில் வரும் ஏழைக்கோ வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கோ கொடுத்துவிட்டு ஸதகா செய்ததாக மனநிறைவு கொள்வோர் உண்டு. கண்ணை மூடிக்கொண்டல்லாமல் நீங்களே வாங்கிக்கொள்ள மாட்டாத மட்டமானவற்றைத் தேடிப் பிடித்துச் செலவிடாதீர்கள் என்ற கருத்தில் இறைவன் எச்சரித்துள்ளான் (2:267). பழையதை நாம் சுத்தம் செய்து உண்போம். கொடுப்பதாயின் அன்று வாங்கிய புதிய பையிலிருந்து கொடுப்போம். மளிகையில் மீதமாகும் பணத்திற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஒரு நாள் ஜாபிர் (ரலி) அவர்கள் இறைச்சி சுமந்து வருவதை உமர் (ரலி) அவர்கள் கண்டு விசாரித்தார்கள். ஆசை வந்தது, வாங்கினேன் என்றார்கள் ஜாபிர். அண்டை வீட்டாருக்காகவோ உறவினருக்காகவோ தம் வயிற்றைச் சற்றுச் சுருக்கிக்கொள்ள உங்களில் எவரும் விரும்புவதில்லையா என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் கடிந்துகொண்டார்கள். முஅத்தாவில் பதிவான செய்தி இது. இறைச்சி வாங்குவது ஹலால் என்பதில் உமர் (ரலி) அவர்களுக்கு ஐயமில்லை. ஆசை எழுந்தவுடன் கை பணப்பைக்குச் செல்வதையே அவர்கள் விரும்பவில்லை.

இறைச்சி என்றதும் குளிர்பதனப் பெட்டி நினைவுக்கு வருகின்றது. சென்ற துல்ஹஜ்ஜில் வைத்த குர்பானி இறைச்சி இன்னும் அதன் உறைபெட்டியில் அடியில் கிடக்கும் வீடுகள் இருக்கின்றன. ஓராண்டில் கிராமத்து ஏழைகள் பசியுடன் மதீனாவுக்கு வந்தபோது, மூன்று நாளுக்கு மேல் குர்பானி இறைச்சியை வைத்திருக்க வேண்டாம், எஞ்சியதைத் தர்மம் செய்துவிடுங்கள் என்று நபிகளார் (ஸல்) அவர்கள் ஆணையிட்டார்கள். பின்னர் அந்த நெருக்கடி நீங்கியதும் உண்ணவும் சேமிக்கவும் தர்மம் செய்யவும் அனுமதித்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். நம் முன்னோர் உப்புக்கண்டம் போட்டு வைத்த காலத்தில் ஒரு குடும்பம் சேமிக்கக்கூடிய அளவு சிறிது. ஆகவே எஞ்சியது அன்றே ஊருக்குள் சென்றது. இன்று பெட்டி பெரிதாக இருப்பதால் பங்கு சிறுத்துவிட்டது. ஷவ்வால் பாதியிலிருந்து துல்ஹஜ் 10 வரை ஏறக்குறைய 8 வாரங்கள் உள்ளன. கெடாமல் உறைந்திருப்பதை வாரம் ஒரு பொட்டலம் வீதம் எடுத்து, ஆணத்தில் சற்றுத் தண்ணீர் கூட்டி, பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் அனுப்பி உண்டு வந்தால், ஹஜ்ஜுப் பெருநாளன்று பெட்டி காலியாக இருக்கும். அது மீண்டும் முழுவதும் நிரம்ப வேண்டும் என்ற அவசியம் எதுவும் இல்லை.