வாயுத் துப்பாக்கியில் தொலைநோக்கி பூட்டலும் குறி பிசகாது பேணலும்

குரங்கும் மயிலும் காட்டுப் பன்றியும் வயலுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் விளைக்கும் சேதம் கமக்காரர் யாவரும் அறிந்ததே. 2025 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15 ஆந் தேதி காலை 8 மணி தொடக்கம் 8.05 வரை, குரங்கு, மயில் முதலியவற்றை நாடெங்கும் ஒரே நேரத்தில் எண்ணிக் கணக்கெடுக்க அரசாங்கம் முனைந்தமையே இத்தொல்லையின் அளவைக் காட்டும். இதன் பொருட்டுக் குழலை மடித்து விசையேற்றும் வாயுத் துப்பாக்கியை வாங்கி, அதன்மேல் குறிபார்க்கும் தொலைநோக்கியையும் பூட்டிக்கொள்வோர் பலர். கடைக்காரர் இதனை ஸ்கோப் என்பர். பூட்டிய சில கிழமைகளில், "கண்ணாடி பழுது, குறி நிற்கவில்லை" என்று அவர்களிற் சிலர் முறையிடுகின்றனர். பெரும்பாலும் பழுது கண்ணாடியில் இல்லை. அதனைப் பூட்டிய விதத்திலும் துப்பாக்கியைப் பிடிக்கும் விதத்திலுமே உள்ளது.

காரணம் யாதெனில், இத்துப்பாக்கி ஒரு முறை சுடும்போது இரு முறை அதிர்கிறது. விசையை இழுத்தவுடன் உள்ளிருக்கும் சுருள்வில் விரிந்து, பிஸ்டன் என்னும் ஆடுதண்டை முன்னே தள்ளுகிறது. அப்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. அடுத்த கணமே பிஸ்டன் முன்னே அமுங்கிய காற்றில் மோதி நிற்க, துப்பாக்கி முன்னே பாய்கிறது. ஈயச்சன்னம் குழலை விட்டு வெளியேறுமுன்னரே இவ்விரண்டும் நிகழ்ந்துவிடும். வெடிமருந்துத் துப்பாக்கிக்கெனச் செய்த தொலைநோக்கி பின்னுதைப்பை மட்டுமே தாங்கும். முன்பாய்ச்சல் அதன் உள்ளிருக்கும் கண்ணாடிகளையும் குறுக்குக் கம்பியையும் இளக்கிவிடும். ஆகவே வாங்கும்போது, சுருள்வில் வாயுத் துப்பாக்கிக்கு உரியதா என்று கேட்டே வாங்குக. வெடிமருந்துத் துப்பாக்கியின் தொலைநோக்கிகள் பலவும் ஏறக்குறைய 90 மீற்றர் தூரத்துக்கு ஒழுங்கு செய்யப்பட்டவை. 20 மீற்றரில் கண்ணைச் சற்று அசைத்தாலும் குறுக்குக் கம்பி இலக்கின்மேல் ஓடுவதுபோல் தோன்றும். 10 மீற்றர் வரை கிட்டத்தில் ஒழுங்கு செய்யத்தக்கதே நமக்கு ஏற்றது. நான்கு மடங்கு பெருப்பித்துக் காட்டினால் தோட்டத்துக்குப் போதும். பெரிய இலக்கங்களைக் கண்டு மயங்கவேண்டாம்.

மனிங் சந்தை 2020 ஆம் ஆண்டிற் பேலியகொடைக்கு மாறிய பின்னரும், இரும்புச் சாமான் வாங்கப் புறக்கோட்டைக்குச் செல்லும் கமக்காரர் குறைந்திலர். அங்கு பழைய சோனகத் தெருவின் கடைகளில் அளவான அலன் சாவிகள் ஒரு தொகுதி, தூக்குக்குண்டு ஒன்று, திருகாணி இளகாமற் பிடிக்கும் நீலப்பசை சிறிது வாங்கிக்கொள்க. கடையிலேயே பூட்டுவித்துக்கொண்டு பஸ் வண்டியிற் குலுங்கி வருவதிலும், வீட்டில் ஆறுதலாகப் பூட்டுவதே நன்று.

முதலில் துப்பாக்கியின் மேலுள்ள தவாளிப்பையும் வளையங்களின் அடியையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைக்கவும். தவாளிப்பின் அகலம் பெரும்பாலும் 11 மில்லிமீற்றர். வளையமும் அதற்குப் பொருந்த வேண்டும். பின்வளையத்தின் அடியிலுள்ள தடுப்புமுளை துப்பாக்கியின் துளையில் இறங்கி, அத்துளையின் பின்விளிம்பை முட்டி நிற்கவேண்டும். துப்பாக்கி முன்பாயும்போது தொலைநோக்கி பின்னோக்கி நகர முயல்வதால், இம்முளை இல்லாவிடின் எவ்வளவு இறுக்கினும் பயனில்லை. குறி பிசகுவதற்கு இதுவே தலையாய காரணம்.

பின்னர்த் தொலைநோக்கியை வைத்து, கன்னம் இயல்பாகப் படியும் நிலையில் கறுப்பு வளையமின்றி முழுக் காட்சியும் தெரியும்வரை முன்பின் நகர்த்துக. மாமரக் கிளையில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, துப்பாக்கியைச் சரியாமல் நிறுத்தி, குறுக்குக் கம்பியை அந்நூலோடு ஒப்பிடுக. வளையத் திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றி, சிறிது சிறிதாக, இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்க இறுக்கவேண்டும். முழு வலுவோடு திருகினால் தொலைநோக்கியின் குழாய் நசுங்கும். முடிந்தபின் வளையத்துக்கும் குழாய்க்கும் குறுக்கே வீட்டுப் பெண்களின் நகப்பூச்சால் ஒரு கோடு இடுக. கோடு பிரிந்து தோன்றினால் குழாய் நகர்ந்துவிட்டது என்பது வெளிப்படை.

குறியொழுங்கை 25 மீற்றரில், பின்னே மண்மேடு உள்ள இடத்திற் செய்க. சன்னம் நூற்றுக்கணக்கான மீற்றர் பறக்கக்கூடியது. வேலிக்கு அப்பால் அயலவர் வீடு உண்டு. ஒரு வெடி கண்டு திருகைத் திருப்புவது வீண். ஐந்து வெடி சுட்டு, அவற்றின் நடுவைக் கணிக்கவும். கால் நிமிடக் கோணம் எனக் குறித்த திருகில் ஒரு சொடுக்கு, 25 மீற்றரில் 2 மில்லிமீற்றருக்குச் சிறிது குறைவாக நகர்த்தும். 2 சென்ரிமீற்றர் திருத்த 11 சொடுக்கு வேண்டும். இவ்வாறு ஒழுங்கு செய்த துப்பாக்கி 5 மீற்றரில் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் தாழவே அடிக்கும். தொலைநோக்கி குழலுக்கு மேலே இருப்பதன் விளைவு அது, பழுதன்று. மேல்நோக்கித் திருகி முடிந்தும் வெடி தாழ்ந்தே விழுமாயின், மடியும் குழல் சற்றுத் தாழ்ந்திருக்கின்றது எனலாம். அதற்கெனச் சாய்வுடன் செய்த வளையங்கள் உண்டு.

பிடிக்கும் முறையைக் கமக்காரர் பலர் நம்புவதேயில்லை. துப்பாக்கியை மரத்திலோ கல்லிலோ நேரே சார்த்தியும், இறுகப் பற்றியும் சுட்டால், அதிர்வு வெடிக்கு வெடி வேறாகிக் குறி சிதறும். முன்கையின் உள்ளங்கையில் அது தானாகக் கிடக்கட்டும். தோளிலும் மெல்லவே பதியட்டும். ஒவ்வொரு முறையும் கை ஒரே இடத்தில் இருக்கட்டும். சன்னமும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும். பாவாடை நசுங்கியவற்றை ஒதுக்கிவிடுக.

சன்னமின்றிச் சுடுவது பிஸ்டனை நேரே மோதவிட்டு உடைக்கும். காற்றறையில் எண்ணெய் விடின் அது தீப்பற்றி, வேகம் வெடிக்கு வெடி மாறும். குழலின் வெளிப்புறத்தை மட்டும் எண்ணெய்த் துணியால் துடைத்தாற் போதும். சன்னமிடும்போது மடித்த குழலை ஒரு கையால் விடாது பிடித்திருக்கவேண்டும். தவறி அது மூடினால் விரல் நசுங்கும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாது உணவு உண்ணற்க.

துப்பாக்கி வைத்திருக்க வேண்டிய அனுமதியைப் பற்றிப் பிரதேச செயலகத்திற் கேட்டறிக. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பல விலங்குகளும் பறவைகளும் காக்கப்பட்டுள்ளமையால், எதனைச் சுடலாகாது என்பதை வனசீவராசிகள் அலுவலகத்தில் விசாரியாது விசையைத் தொடவேண்டாம். 25 மீற்றரில் ஐந்து வெடியும் ஒரு தேயிலைக் கோப்பையின் வாயளவுக்குள் விழாதவர் எந்த உயிரையும் நோக்கிச் சுடுவது தகாது. அடிபட்டுக் காட்டுக்குள் ஓடும் விலங்கு நாட்கணக்கில் வருந்திச் சாகும்.

குறி திடீரெனப் பிசகினால் தொலைநோக்கியின் திருகைத் தொடுமுன், நகப்பூச்சுக் கோட்டையும் தடுப்புமுளையையும் வளையத் திருகாணிகளையும் பாருங்கள். அடுத்து, குழல் மடியும் முளையாணி ஆடுகின்றதா, கட்டைத் திருகாணிகள் இளகியுள்ளனவா, குழல்வாயின் றப்பர் வளையம் தேய்ந்துள்ளதா என்று சோதிக்கவும். இவை யாவும் செவ்வையாயிருந்தும் குறி நிற்கவில்லையெனில், திறந்த குறிமுனை உள்ள துப்பாக்கியாயின் தொலைநோக்கியைக் கழற்றிவிட்டு அம்முனையால் ஐந்து வெடி சுட்டுப் பார்க்கலாம். அவை ஒன்றுகூடி விழுமாயின், அப்போது கண்ணாடியைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.