ஷ்லும்ஃப் சகோதரர்களின் கார்கள்: யார் காசு, யார் சொத்து?

பழைய கார் ஒன்று ஏலத்தில் இத்தனை கோடிக்குப் போனது என்று அவ்வப்போது செய்தி வரும். படித்ததும் "அப்படி என்ன இருக்கு அதுல?" என்றுதான் தோன்றும். கொஞ்ச நாளாக இதைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். இன்று அபூர்வம் என்று கொண்டாடப்படும் கார்களில் பல, அந்தக் காலத்தில் விலை போகாத கார்கள். நல்லா வித்திருந்தா அபூர்வமாகவே ஆகியிருக்காது!

சிறந்த உதாரணம் புகாட்டி ராயல். எத்தோரே புகாட்டி அரச குடும்பங்களை மனதில் வைத்துத் திட்டமிட்ட கார். எஞ்சின் 12.7 லிட்டர் (நம்ம ஊர் சின்ன காரில் இருப்பது 1 லிட்டர் சொச்சம்). ரேடியேட்டர் மூடி மேல் பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும் ஒரு யானை. எத்தோரேயின் மறைந்த தம்பி, சிற்பி ரெம்ப்ராண்ட் புகாட்டி செய்த உருவம். 25 கார்கள் செய்வதாகத் திட்டம். 1929க்குப் பிறகு உலகப் பொருளாதாரமே கவிழ்ந்துவிட, செய்தது 6. அதில் அப்போது வெளியாள் காசு கொடுத்து வாங்கியது 3. ஒரு ராஜாகூட வாங்கவில்லை. அந்த ராட்சத எஞ்சினை வீணாக்காமல் ரயில் வண்டியில் பொருத்தி பிரெஞ்சு ரயில்வேக்கு விற்றார் எத்தோரே. ஆள் கெட்டிக்காரர்.

அந்த மூன்றில் ஒன்று ஜெர்மன் டாக்டர் ஒருவருடையது. அது ஷாங்காய் வழியாக நியூயார்க் போய், குளிரில் தண்ணீர் உறைந்து எஞ்சின் விரிசல் விட்டு, கடைசியில் காயலான் கடைக்கு வந்துவிட்டது. 1940களில் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சினியர் சார்லஸ் செய்ன் அதை அங்கிருந்து மீட்டு, சரிசெய்து, ஓட்டவும் செய்தார். பிறகு ஹென்றி ஃபோர்டு மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். இந்த வகை சேகரிப்பாளரை எனக்குச் சுலபமாகப் புரிகிறது. உடைந்த ஒன்றைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

இன்னொரு வகை உண்டு. அவர்களுக்கு ஒரு கார் போதாது, மொத்த செட்டும் வேண்டும். அந்த வகையின் உச்சம் ஃப்ரிட்ஸ் ஷ்லும்ஃப்.

ஃப்ரிட்ஸும் அண்ணன் ஹான்ஸும் சுவிஸ் குடிமக்கள். பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், அல்சாஸ் பகுதியில், கம்பளி நூல் மில்கள் நடத்தி பெரும் பணக்காரர்கள் ஆனார்கள். புகாட்டியின் தொழிற்சாலை இருந்த மோல்சைமும் அதே அல்சாஸ்தான். ஃப்ரிட்ஸ் இளவயதிலேயே புகாட்டி வாங்கி மலைப்பாதைப் பந்தயங்களில் ஓட்டியவர். 1960களில் இந்தப் பிரியம் வேறு ஏதோவாக மாறியது. உலகத்தில் எந்த புகாட்டி யாரிடம் இருக்கிறது என்று ஹ்யூ கான்வே என்ற ஆங்கிலேய ஆர்வலர் ஒரு பதிவேடு வெளியிட்டிருந்தார். ஃப்ரிட்ஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு அதிலிருந்தவர்களுக்குக் கடிதம் போட ஆரம்பித்தார்: "விற்கிறீர்களா?" இன்றைய பாஷையில் சொன்னால், டேட்டாபேஸை எடுத்து எல்லாருக்கும் மெயில் தட்டிவிட்டார்.

1963இல் புகாட்டி கம்பெனி கைமாறியபோது, தொழிற்சாலையில் இருந்த 18 கார்களை மொத்தமாக வாங்கினார். எத்தோரே சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த ராயல், 'கூப்பே நெப்போலியன்', அதில் ஒன்று. அடுத்த வருடம் அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில் ஜான் ஷேக்ஸ்பியர் என்பவரிடமிருந்த 30 புகாட்டிகள், இன்னொரு ராயல் உட்பட, ரயிலிலும் கப்பலிலும் வந்து சேர்ந்தன. விலை? 30க்கும் சேர்த்து 85,000 டாலர் என்று சொல்கிறார்கள். 1987இல் லண்டன் ஏலத்தில் ஒரே ஒரு ராயல் 55 லட்சம் பவுண்டுக்குப் போனது. அதாவது ஃப்ரிட்ஸ் வாங்கிய காலத்தில் இவை பொக்கிஷம் அல்ல, பராமரிக்கச் செலவு வைக்கும் பழைய வண்டிகள். இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வாங்கியதையெல்லாம் முலூஸ் நகரில் ஒரு பழைய மில் கட்டடத்துக்குள் வைத்தார். உள்ளேயே மெக்கானிக்குகள், தச்சர்கள், சீட் தைப்பவர்கள். வெளியே மூச்சு விடக்கூடாது என்பது நிபந்தனை. மில் கூடத்தில் கார்களை வீதி வீதியாக நிறுத்தி, பாரிஸின் மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்து விளக்குக் கம்பங்களைப் போலவே நூற்றுக்கணக்கில் செய்து நட்டுவைத்தார்கள். 400க்கும் மேற்பட்ட கார்கள். நூற்றுக்கும் மேல் புகாட்டி மட்டும். எல்லாம் அம்மா ஷான் நினைவுக்கு அர்ப்பணம். மியூசியமாகத் திறக்கப்போவதாகப் பேச்சு. திறக்கவே இல்லை.

இதற்கிடையில் ஐரோப்பிய ஜவுளித் தொழில் சரிந்துகொண்டிருந்தது. செயற்கை இழை, இறக்குமதித் துணி எல்லாம் சேர்ந்து அடித்தன. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மில் மூடுவது என்றால் என்னவென்று நான் சொல்லவேண்டியதில்லை. 1976இல் ஷ்லும்ஃப் மில்கள் படுத்துவிட, தொழிலாளர்கள் முதலாளி வீட்டை முற்றுகையிட்டார்கள். சகோதரர்கள் எல்லை தாண்டி சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் போனவர்கள்தான்.

1977 மார்ச் 7 அன்று தொழிற்சங்கத்தினர் அந்த முலூஸ் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். வேலை போன ஒருத்தன் கண்ணால் கொஞ்சம் பாருங்கள். உன் மில்லில் பணம் இல்லை என்றார்கள். பக்கத்திலேயே விளக்குக் கம்பங்களுக்குக் கீழே பளபளவென்று நூற்றுக்கணக்கில் கார்கள். நான் அங்கே இருந்திருந்தால் கையில் கல்லை எடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர்கள் எடுக்கவில்லை. கோபத்தில் எரித்தது ஒரே ஒரு கார், சரிசெய்யப்படாமல் கிடந்த ஒரு ஆஸ்டின் 7. அதாவது இருந்ததிலேயே சாதாரண மக்கள் கார்! மற்றபடி கட்டடத்துக்குத் 'தொழிலாளர் மியூசியம்' என்று பெயர் வைத்து, ஊர் மக்களுக்குத் திறந்துவிட்டு, 2 வருடம் அவர்களே காவல் காத்தார்கள். முதலாளி பூட்டிவைத்ததை ஊருக்குக் காட்டியது தொழிலாளிதான்.

கடன்காரர்கள் கார்களைப் பிரித்து ஏலம் விட்டிருக்கலாம். 1978இல் பிரான்ஸ் அரசு மொத்தத் தொகுப்பையும் வரலாற்றுச் சின்னமாக அறிவித்ததால் அது முடியவில்லை. 1981இல் ஒரு சங்கம் அமைத்து 44 மில்லியன் ஃபிராங்குக்கு வாங்கி, 1982இல் தேசிய கார் மியூசியமாகத் திறந்தார்கள்.

கார் பைத்தியத்தால்தான் மில் அழிந்தது என்ற பேச்சு இன்றும் உண்டு. நான் அதை முழுசாக நம்பவில்லை. 85,000 டாலர் கணக்கை மறுபடி பாருங்கள். கார்கள் சல்லிசாகத்தான் கிடைத்தன. காசைக் குடித்தது கட்டடமும் அலங்காரமும் பட்டறைச் சம்பளமும். அது இல்லாவிட்டாலும் அல்சாஸ் ஜவுளி தப்பியிருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் "மேதையை நாட்டைவிட்டு விரட்டிவிட்டார்கள்" என்ற கார் ரசிகர்களின் புலம்பலும் எடுபடாது. மில் தள்ளாடும்போது அதன் பணம் எங்கே போகிறது என்று கேட்க, நூல் நூற்றவனுக்கு முழு உரிமை இருக்கிறது.

ஹான்ஸ் 1989இலும் ஃப்ரிட்ஸ் 1992இலும் இறந்தார்கள். நீண்ட வழக்குக்குப் பிறகு மியூசியத்தின் பெயரில் 'ஷ்லும்ஃப் தொகுப்பு' என்பதும் சேர்ந்துகொண்டது.

முலூஸ் பக்கம் போக வாய்த்தால் அங்கே 3 ராயல்களைப் பார்க்கலாம். இரண்டு அசல். மூன்றாவது, ஃப்ரிட்ஸ் சேர்த்துவைத்திருந்த உதிரிபாகங்களை வைத்துப் பின்னாளில் கட்டியது. முதல் ராயலை வாங்கிய அர்மான் எஸ்டெரின் காருக்கு நகல். ராத்திரியில் ஓட்டமாட்டேன் என்று சொல்லி அவர் ஹெட்லைட்டே வைக்கவில்லையாம், நகலிலும் இல்லை. அதே ஊரில் ரயில் மியூசியமும் இருக்கிறது. ராயல் எஞ்சின்களை வைத்து எத்தோரே விற்ற ரயில்களில் ஒன்று அங்கே நிற்கிறது.